மாடியில் வைத்த ராஸ்பெரி பை ரவுட்டர் ஏன் அடிக்கடி படுத்துவிடுகிறது?

கேள்வி இது: "கீழ்த்தளத்தில் ஃபைபர் மோடம். மாடி அறைக்கு சிக்னல் எட்டவில்லை. சும்மா கிடந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிளைச் செருகி, பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து இரண்டாவது ரவுட்டராக மாற்றினேன். பையின் உள் வைஃபை கீழேயிருந்து இணையத்தை வாங்குகிறது, டாங்கிள் மாடியில் வேறு பெயரில் கொடுக்கிறது. பிரிண்டர் தெரியட்டும் என்று பைக்கும் 192.168.1 வரிசையிலேயே முகவரி கொடுத்தேன். ஒரு நாள் ஓடுகிறது. மறுநாள் ரீபூட் செய்தால் வைஃபை பெயரே தெரிவதில்லை. சில சமயம் போன் இணைகிறது, ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்கிறது. கரண்ட் போய் வந்தால் மறுபடி கையால் ரீபூட் செய்ய வேண்டியிருக்கிறது. எங்கே தொடங்குவது?"

உங்களிடம் குறைந்தது மூன்று கோளாறுகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே டப்பாவுக்குள் இருப்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. பெயரே தெரியாமல் போவது ரேடியோவின் பக்கம், அல்லது அதை இயக்கும் மென்பொருளின் பக்கம். போன் இணைந்தபிறகு 'இன்டர்நெட் இல்லை' என்பதில் மாடிப்பக்க ரேடியோவைக் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. போனும் பையும் கைகுலுக்கி முடித்துவிட்டன, அதற்கு அப்புறம் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. கரண்ட் போய் வந்தால் எழாதது தனிக் கதை. மூன்றையும் சேர்த்துப் போட்டு 'வைஃபை சரியில்லை' என்று தேடினால் ஆயிரம் விடை வரும், ஒன்றும் பொருந்தாது.

ஆனால் மூன்றையும் தொடுவதற்கு முன்னால் அடாப்டரைப் பாருங்கள். இதைச் சொன்னால் பலருக்குச் சலிப்பாக இருக்கும் என்று தெரியும். என் முதல் பை ரவுட்டர் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தொங்கிவிடும். பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசல் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, ஒரு மாதம் சேனலை 1, 6, 11 என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் காரணம் ஒரு பழைய போன் சார்ஜர். சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்து வீடியோ பார்க்க ஆரம்பித்ததும் டாங்கிளுக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கும். டாங்கிள் ஒரு நொடி செத்து மறுபடி உயிர் பெறும். அந்த ஒரு நொடியில் வைஃபை மொத்தமும் விழுந்துவிடும்.

பை 4-க்கு 5.1 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். அதன் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் வெளியே தர முடியும். அதனால் டாங்கிளோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் தொங்கினால் நல்ல அடாப்டர் இருந்தும் போதாமல் போகலாம். ஊகிக்க வேண்டியதில்லை, பையே சொல்லிவிடும். டெர்மினலில் 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு' என்ற கட்டளையை ஓட்டுங்கள். பூஜ்யம் வந்தால் பிரச்சினை இல்லை. 50000 என்று வந்தால், இந்த நொடியில் சரி, ஆனால் இயங்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு முறையாவது மின்னழுத்தம் குறைந்து, செயலியின் வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இப்போதும் குறைந்துதான் இருக்கிறது. ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் இந்தக் கணக்கில் ஏறும். வைஃபை விழும் சமயத்தில் 'டிமெசேஜ்' கட்டளையின் கடைசி வரிகளில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று இருந்தால், வேறு எதையும் தொடாமல் அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள். கேபிளும் முக்கியம். அடாப்டரின் மேல் 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும், ஆனால் இரண்டு மீட்டர் மெல்லிய கேபிள் வழியிலேயே வோல்டேஜை இறக்கிவிடும்.

சரி, மின்சாரம் சரி என்று வைத்துக்கொள்வோம். 'ஒரு ரீபூட்டில் வருகிறது, அடுத்த ரீபூட்டில் வரவில்லை' என்று நீங்கள் சொன்னவுடன் எனக்குத் தோன்றியது பெயர் மாறாட்டம். பையில் இப்போது இரண்டு வைஃபை சிப்புகள் இருக்கின்றன. எது முதலில் விழித்துக்கொள்கிறதோ அதற்குக் கர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, டபிள்யூலேன்0 என்று பெயர் வைக்கும். பின்னால் வருவதற்கு டபிள்யூலேன்1. ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் இரண்டுக்கும் ஓட்டப்பந்தயம். பெரும்பாலும் உள் சிப் ஜெயிக்கும், சில நாள் டாங்கிள் முந்திக்கொள்ளும். அன்றைக்கு உங்கள் அமைப்பு முழுவதும் தலைகீழ். 'டபிள்யூலேன்1 மாடிக்குக் கொடுக்கட்டும்' என்று எழுதி வைத்த வேலை உள் சிப்பின் தலையில் விழும், கீழே இணைய வேண்டிய வேலை டாங்கிளுக்குப் போகும். சில டாங்கிள்கள் அதையும் செய்துவிடும். அப்போது எதுவும் உடைந்ததாகத் தெரியாது, வேகம் மட்டும் பாதியாகும். இந்த மாதிரி 'பாதி நல்லா ஓடுது' நிலைமைதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது.

அடுத்த முறை பெயர் தெரியாமல் போகும்போது ரீபூட் செய்யாதீர்கள். ரீபூட் செய்தால் சாட்சியே அழிந்துவிடும். மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டி, 'ஈத்டூல்' கட்டளையில் சிறிய 'ஐ' கொடியோடு டபிள்யூலேன்0-இன் டிரைவர் என்ன என்று கேளுங்கள். 'பிஆர்சிஎம்எஃப்மேக்' என்று சொன்னால் அது உள் சிப். வேறு எதையாவது சொன்னால் மாறாட்டம் நடந்துவிட்டது. இதற்குத் தீர்வு, ஒவ்வொரு சிப்புக்கும் உரிய தனி அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்துப் பெயர் வைக்கச் சொல்வது. பூட் ஆகும்போது மற்ற சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியின் நெட்வொர்க் கோப்புறையில் 'லிங்க்' என்று முடியும் இரண்டு சிறு கோப்புகள் போதும்: இந்த மேக் முகவரி வந்தால் இந்தப் பெயர் என்று. பெயராக மறுபடியும் டபிள்யூலேன்0, 1 என்றே வைக்காதீர்கள், கர்னல் தானாக வைக்கும் பெயரோடு மோதும். 'அப்லிங்க்', 'மாடி' என்று உங்களுக்குப் புரிகிற எதையாவது ஆங்கில எழுத்தில் வையுங்கள். பிறகு எல்லா அமைப்புக் கோப்புகளிலும் பழைய பெயரைத் தேடி மாற்றுங்கள். ஒன்றை விட்டுவிட்டாலும் அது எங்கே என்று தேடுவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

அப்புறம் அந்தப் பழைய வழிகாட்டி. அதில் டிஹெச்சிபிசிடி என்ற பெயரில் ஒரு கோப்பைத் திருத்தச் சொல்லியிருந்ததா? அநேகமாக இருந்திருக்கும். 2023 அக்டோபர் வரை ராஸ்பெரி பை இயங்குதளத்தில் அதுதான் முறை. அப்போது வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து அந்த இடத்துக்கு, எல்லா இணைப்புகளையும் தானே நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் வந்துவிட்டது. பழைய கோப்பைத் திருத்தினால் பிழைச் செய்தி ஒன்றும் வராது. படிக்க ஆளில்லாத கடிதம் போலக் கிடக்கும். இன்னும் மோசம், வழிகாட்டி சொன்னபடி நீங்கள் வைஃபையை வெளியே கொடுக்கும் மென்பொருளான ஹோஸ்ட்ஏபிடியை நிறுவியிருப்பீர்கள். அது டாங்கிளைக் கையில் எடுக்கப் பார்க்கும், நெட்வொர்க் மேனேஜரும் அதே டாங்கிளை எடுத்து வேறு எங்காவது இணைக்கப் பார்க்கும். யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்கள் சொல்வதுதான் அன்றைக்குச் சட்டம். உங்களுடைய 'ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது' கதைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பெயர் மாறாட்டமும் இதுவும் சேர்ந்தே நடந்தாலும் ஆச்சரியமில்லை.

இரண்டு பேரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஹோஸ்ட்ஏபிடிதான் வேண்டும் என்றால், நெட்வொர்க் மேனேஜரின் அமைப்பில் 'இந்த டாங்கிளை நீ தொடாதே' என்று ஒரு வரி எழுதலாம். என் விருப்பம் மற்றது: ஹோஸ்ட்ஏபிடியையும், சாதனங்களுக்கு முகவரி கொடுக்கத் தனியாக ஓடும் டிஎன்எஸ்மாஸ்க்கையும் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் நெட்வொர்க் மேனேஜரிடமே கொடுப்பது. 'என்எம்சிஎல்ஐ' கட்டளையால் டாங்கிளில் ஒரு ஹாட்ஸ்பாட் இணைப்பை உருவாக்கி, அதன் ஐபிவி4 முறையை 'ஷேர்டு' என்று வைத்தால் போதும். முகவரி கொடுப்பது, பெயர்களைத் தேடித் தருவது, பாக்கெட்டுகள் என்கிற தரவுத் துண்டுகளின் முகவரியை மாற்றி அனுப்புவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். தனி டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுத்தச் சொன்னதற்குக் காரணம், நெட்வொர்க் மேனேஜர் உள்ளே தன்னுடைய டிஎன்எஸ்மாஸ்க் ஒன்றை ஓட்டும். இரண்டும் ஒரே போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும்.

இந்த வழியில் ஒரு சிறு முள் உண்டு. பாஸ்வேர்டைச் சரியாக அடித்தும் போன் 'தவறு' என்றால், பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 மட்டும் என்று நிறுத்தி, வைஃபையின் நிர்வாகச் செய்திகளைப் பாதுகாக்கும் பிஎம்எஃப் என்கிற வசதியை அணைத்துப் பாருங்கள். பல டாங்கிள்களும் பையின் உள் சிப்பும் அந்த இடத்தில் தடுக்கி விழுகின்றன.

பெயரே தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணம் நாட்டுக் குறியீடு. 'ஐடபிள்யூ ரெக் கெட்' என்று கேட்டால் எந்த நாட்டின் விதிப்படி ரேடியோ ஓடுகிறது என்று சொல்லும். 'ஐஎன்' என்று இந்தியாவைக் காட்ட வேண்டும். 00 என்று காட்டினால், எந்த நாடு என்று தெரியாத நிலை. அப்போது 5 ஜிகாஹெர்ட்ஸில் பெரும்பாலான சேனல்களில் கேட்கத்தான் அனுமதி, தானாகப் பேச அனுமதி இல்லை. ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை கொடுக்கும் பக்கம், எழும்பவே எழும்பாது. சேனலை 36, 40, 44, 48 என்பவற்றில் ஒன்றாக வையுங்கள். 52-இலிருந்து மேலே உள்ள நடுப்பகுதிச் சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று முதலில் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அதைச் செய்யத் தெரியாத டாங்கிள்கள் ஏராளம்.

இனி 'இணைந்தது, இன்டர்நெட் இல்லை'. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கே ஊகத்துக்கே இடமில்லை. ஒரு பாக்கெட் போனிலிருந்து கிளம்பி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

போனை ஓரமாக வையுங்கள். பையிலிருந்தே தொடங்குங்கள். பையிலிருந்து 192.168.1.1-ஐ பிங் செய்யுங்கள், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் மோடத்தின் முகவரி அதுதானே. பதில் வரவில்லையென்றால் பைக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில்தான் கோளாறு. மாடி வைஃபையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பதில் வந்தால் 8.8.8.8. அதுவும் வந்தால் ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து பிங் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையென்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும்தான் பாக்கி. மூன்றும் வந்தால் பைக்கு இணையம் இருக்கிறது, அதை அடுத்தவருக்குக் கடத்தத்தான் தெரியவில்லை.

இங்கேதான் உங்கள் பிரிண்டர் ஆசை வருகிறது. பையின் இரண்டு பக்கமும் 192.168.1 வரிசை என்று சொன்னீர்கள். ஒரே ஊரில் இரண்டு காந்தி தெரு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? பையில் 'ஐபி ரூட்' என்று அடித்துப் பாருங்கள், 192.168.1.0 என்று இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று கீழ்ப்பக்கம் போகச் சொல்லும், மற்றது மாடிப்பக்கம். கர்னல், மெட்ரிக் என்கிற முன்னுரிமை எண் குறைவாக இருக்கும் வரியைத் தேர்ந்தெடுக்கும். அது மாடிப்பக்க வரியாக இருந்தால், மோடத்துக்குப் போக வேண்டிய பாக்கெட் மாடி அறையைச் சுற்றிவிட்டுச் செத்துப்போகும். கீழ்ப்பக்க வரியாக இருந்தால் பைக்கு மட்டும் இணையம் இருக்கும், உங்கள் போனுக்குத் திரும்ப வேண்டிய பதில்கள் கீழ்த்தளத்தில் ஆள் தேடி அலையும். எந்த இணைப்பு முன்னால் எழுந்தது என்பதைப் பொறுத்து இதுவும் மாறும் என்பதால், ஒவ்வொரு ரீபூட்டுக்கும் ஒரு குணம் காட்டும்.

மாடிப்பக்கத்துக்கு வேறு வரிசை கொடுங்கள். நெட்வொர்க் மேனேஜரின் ஷேர்டு முறை தானாகவே 10.42.0 வரிசையைத்தான் கொடுக்கும், அதையே விட்டுவிடுங்கள். பிரிண்டர் என்னாகும் என்று கேட்பீர்கள். மாடியிலிருந்து கீழே போகும் வழி திறந்துதான் இருக்கும். பிரிண்டரின் முகவரியை, உதாரணமாக 192.168.1.40 என்று, போனிலோ லேப்டாப்பிலோ நேரடியாக அடித்துச் சேர்த்துவிட்டால் அச்சாகும். தானாகக் கண்டுபிடிக்கும் வசதி மட்டும்தான் வேலை செய்யாது. அந்தக் கூப்பிடும் குரல் ஒரு நெட்வொர்க்கின் சுவரைத் தாண்டாது. பிரிண்டரின் முகவரி மாறாமல் இருக்க, மோடத்தில் அதற்கு ஒரு நிரந்தர முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

முகவரி வரிசை சரியான பிறகும் போனில் இணையம் வரவில்லையென்றால், கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை நிறுவுங்கள். இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் மாடிப்பக்கத்தையும் மற்றதில் கீழ்ப்பக்கத்தையும் கவனிக்கச் சொல்லி, போனிலிருந்து 8.8.8.8-க்கு பிங் அனுப்புங்கள். மாடிப்பக்கத்திலேயே ஒன்றும் தெரியவில்லையா? போனுக்கு முகவரியோ, வெளியே போகும் வாசலான கேட்வேயோ சரியாகப் போய்ச் சேரவில்லை. லேப்டாப்பில் பார்த்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி இருக்கும், யாரும் முகவரி தராததால் அதுவே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். மாடிப்பக்கத்தில் வந்து, கீழ்ப்பக்கத்தில் வெளியே போகவில்லையா? பை அதை உள்ளேயே விழுங்குகிறது. ஒரு பக்கம் வந்ததை மறுபக்கம் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங் அணைந்திருக்கிறது, அல்லது ஃபயர்வால் தடுக்கிறது. கீழ்ப்பக்கத்தில் போகிறது, ஆனால் அனுப்புநர் முகவரி 10.42.0 என்றே இருக்கிறதா? முகவரி மாற்றும் வேலை, அதாவது மாஸ்கரேட், நடக்கவில்லை. உங்கள் மோடத்துக்கு அந்த வரிசை யாரென்றே தெரியாது, பதிலை எங்கே அனுப்பும்? எல்லாம் சரியாகப் போய் பதிலும் திரும்பி வந்து, போனுக்கு மட்டும் சேரவில்லையென்றால் திரும்பும் வழியில் ஃபயர்வால். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் இணையத்தில் கண்ட ஐபிடேபிள்ஸ் என்கிற ஃபயர்வால் வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவார்கள், பிறகு எந்த வரி எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது.

ஃபார்வர்டிங் பற்றி ஒன்று. பழைய வழிகாட்டிகள் சிஸ்சிடிஎல் என்ற ஒற்றைக் கோப்பில் ஒரு வரியின் முன்னால் உள்ள குறியை நீக்கச் சொல்லும். ராஸ்பெரி பை இயங்குதளத்துக்கு அடிப்படையான டெபியனின் 13-ஆம் பதிப்பில் அந்தக் கோப்பு பூட் ஆகும்போது படிக்கப்படுவதில்லை. அதே பெயருள்ள 'டி' கோப்புறைக்குள் தனிக் கோப்பாக எழுத வேண்டும். புதிய பதிப்புக்கு மாறிய பிறகு 'நேற்று வரை ஓடியதே' என்று வருகிறவர்களில் சிலருடைய கதை இது.

இன்னொன்று, மென்பொருள்களைக் கன்டெய்னர் என்கிற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர். பையில் விளம்பரத் தடுப்பானோ வேறு எதுவோ டாக்கரில் போட்டிருக்கிறீர்களா? நீங்கள் சொல்லவில்லை, ஆனால் சும்மா கிடக்கும் பையில் யாரும் ஒரே ஒரு வேலையோடு நிறுத்துவதில்லை. டாக்கர் எழும்போது ஃபார்வர்டிங் அணைந்திருந்தால் அதைத் தானே இயக்கிவிட்டு, கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான பொதுக் கொள்கையை 'தடு' என்று மாற்றிவிடும். அதன் கன்டெய்னர்களுக்கு மட்டும் விலக்கு. உங்கள் மாடிப் போன்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அறிகுறி அச்சாக மேலே சொன்னதுதான்: மாடிப்பக்கம் வருகிறது, கீழ்ப்பக்கம் போகவில்லை. 'டாக்கர்-யூசர்' என்கிற சங்கிலியில் உங்கள் இரண்டு இடைமுகங்களுக்கும் போக வர அனுமதி எழுதினால் தீரும்.

இணைந்திருக்கும், வாட்ஸ்ஆப் ஓடும், ஆனால் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கும் என்றால் அது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. பையில் வயர்கார்டு மாதிரி விபிஎன் ஓட்டினால்தான் பெரும்பாலும் வரும். ஒரு பாக்கெட்டுக்குள் போகும் தரவின் உச்ச அளவான எம்எஸ்எஸ்ஸைப் பாதைக்கேற்ப வெட்டும் ஒரு ஃபயர்வால் வரி போதும்.

வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஓட ஆரம்பித்த மறுநாள் கேட்பீர்கள். பை 4-இன் உள் சிப்புக்கு ஒரே ஒரு ஆன்டெனா, அதுவும் போர்டிலேயே பதித்தது. உலோகப் பெட்டிக்குள் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் இருந்தால், நாலு விரற்கடை தூரத்தில் இருக்கும் இரண்டு ரேடியோக்களும் ஒன்றின் பேச்சை ஒன்று அமுக்கும். கீழேயிருந்து 2.4-இல் வாங்கி மாடியில் 5-இல் கொடுங்கள். கான்கிரீட் தளத்தை 2.4 ஓரளவு ஊடுருவும், 5 அங்கேயே சோர்ந்துவிடும். மாடி அறைக்குள் 5 போதும். 'ஐடபிள்யூ' கட்டளையில் அப்லிங்க்கின், அதாவது கீழேயிருந்து வாங்கும் இணைப்பின், சிக்னல் மைனஸ் 65-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, மைனஸ் 75-க்கும் கீழே இறங்கினால் பையை மாடிப்படிக்குப் பக்கமாக நகர்த்துங்கள்.

டாங்கிள் நீலத் துளையில் இருக்கிறதா? நீலம் யூஎஸ்பி 3. அந்த வேகத்தில் ஓடும்போது யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மேலேயே விழும். இன்டெல் நிறுவனம் 2012-இலேயே இதைப் பற்றி அளவீடுகளோடு ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கீழேயிருந்து 2.4-இல் வாங்கும் உங்கள் அமைப்புக்கு இது நேரடி எதிரி. டாங்கிளைக் கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள். அது யூஎஸ்பி 2, 480 மெகாபிட். வீட்டு இணைப்பு 100 மெகாபிட் என்றால் அதுவே தாராளம். முடிந்தால் அரை மீட்டர் நீட்டிப்பு கேபிளில் டாங்கிளைத் தள்ளி வையுங்கள்.

இணைப்பு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி பயன்படுத்தும்போது முதல் சில நொடி தயங்கினால் உள் சிப்பின் பவர் சேவ் வசதியை அணையுங்கள். கர்னலைப் புதுப்பித்த அடுத்த நிமிடம் டாங்கிளே காணாமல் போனால், அதன் டிரைவர் கர்னலோடு வராமல் நீங்கள் தனியாகக் கம்பைல் செய்தது என்று அர்த்தம். ரியல்டெக் 8812 வகை டாங்கிள்களில் பலருக்கு நடந்தது. புதிதாக வாங்குவதாக இருந்தால் மீடியாடெக் 7612 சிப் உள்ளதைத் தேடுங்கள், டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். கரண்ட் வந்ததும் பை அரை நிமிடத்தில் எழுந்து கீழ்த்தள வைஃபையைத் தேடும். ஃபைபர் மோடமோ எழுந்து, உட்கார்ந்து, விளக்கெல்லாம் பச்சையாக இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க் மேனேஜர் ஓர் இணைப்பை நான்கு முறை முயன்று பார்க்கும். நான்கும் தோற்றால் கொஞ்ச நேரம் கைவிட்டுவிடும். நீங்கள் அந்த இடைவெளியில் பொறுமை இழந்து ரீபூட் செய்கிறீர்கள், அதற்குள் மோடமும் தயாராகியிருக்கும், வேலை செய்கிறது. ரீபூட்டால் சரியானது மாதிரித் தோன்றும். அப்லிங்க் இணைப்பின் 'ஆட்டோகனெக்ட் ரீட்ரைஸ்' மதிப்பை 0 என்று வையுங்கள். பூஜ்யம் என்றால் இங்கே 'ஓயாமல் முயற்சி செய்' என்று பொருள்.

பை 4-இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்தே எண்ண ஆரம்பிக்கும். சாதாரண அமைப்பில் இது தொல்லை தராது. ஆனால் பெயர் தேடலுக்கு வரும் பதில் உண்மையானதா என்று பார்க்கும் டிஎன்எஸ்ஸெக் சரிபார்ப்பை வைத்திருந்தால், நேரம் சரியில்லாததால் பெயர் தேடல் தோற்கும், பெயர் தேடல் தோற்பதால் நேரமும் சரியாகாது. நேரம் தரும் சர்வரை எண் முகவரியில் ஒன்றாவது கொடுத்துவிட்டால் இந்தச் சுழல் உடையும். எஸ்டி கார்டைக் காப்பாற்ற, எல்லாம் சரியாக ஓட ஆரம்பித்த பிறகு பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு முறையை இயக்குங்கள். கார்டில் எதுவும் எழுதப்படாது, அடிக்கடி மின்வெட்டு வரும் வீட்டில் கார்டு நீண்ட நாள் தாங்கும். அதை இயக்கிய பிறகு செய்யும் மாற்றங்கள் ரீபூட்டில் மறைந்துபோகும் என்பதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன், இரண்டு தடவை.

கடைசியாக ஒரு யோசனை. கீழேயிருந்து மாடிக்கு ஒரு கேட்-6 கேபிள் இழுக்க முடியுமா? மாடிப்படி ஓரமாக, ஜன்னல் வழியாக, எப்படியாவது. பை 4-இன் ஈதர்நெட் துளை ஜிகாபிட். கேபிள் வந்துவிட்டால் இரண்டு ரேடியோ, பெயர் மாறாட்டம், 2.4-ஆ 5-ஆ என்ற தலைவலி எல்லாம் போய்விடும். இன்னொரு லாபம், அப்போது நீங்கள் பிரிட்ஜ் போடலாம், அதாவது கேபிளையும் மாடி வைஃபையையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்கலாம். மாடிப் போன்களுக்கும் கீழே உள்ள மோடமே முகவரி கொடுக்கும், பிரிண்டர் தானாகவே தெரியும். இப்போது வைஃபையில் வாங்கி வைஃபையில் கொடுக்கும்போது இது முடியாது. சாதாரண வைஃபை கிளையன்ட் அனுப்பும் ஃபிரேமில் மூன்று முகவரிகளுக்குத்தான் இடம், பின்னால் ஒளிந்திருக்கும் உங்கள் போனின் முகவரியை எழுத அதில் இடமில்லை.

பிரிட்ஜ் போடும்போது ஷேர்டு முறையை மறக்காமல் எடுத்துவிடுங்கள். ஒருமுறை நான் கேபிளைச் செருகிவிட்டு, பையின் டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுத்த மறந்துவிட்டேன். அது கேபிள் வழியாகக் கீழ்த்தளத்துக்கும் முகவரி விநியோகிக்க ஆரம்பித்தது. வீட்டில் ஒவ்வொரு சாதனமாக மோடத்தை விட்டுவிட்டு எங்கும் போக வழியில்லாத என் பையின் பின்னால் வந்து நின்றது. மச்சான் கீழே ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தார். இன்னொன்று, பிரிட்ஜ் எழுந்ததும் பையின் சொந்த முகவரியும் மாறிவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது வேறு கணினியிலிருந்து பைக்குள் நுழைந்து, இதைச் செய்தால் நடுவழியில் இணைப்பு அறுந்து, புது முகவரி என்னவென்று தெரியாமல் கீழே ஓடி மோடத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கும். மானிட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.